துரை கல்லறைக்கு மாலை போடுறவங்க நம்ம வரப்புக்கும் வரோணும்!



இந்தப் பிரசுரத்தில் நாம் ஒரு வெள்ளைக்காரத் துரையைப் பற்றி எழுதுகிறோம். கொப்பரை விலை, கடைமடைத் தண்ணி, மின் இணைப்புன்னு ஆயிரம் பிரச்சினை இருக்கையில் செத்துப்போன துரை கதை எதுக்குங்க என்று நம்மவர்களே கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் டாப்சிலிப்புக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கு அந்தத் துரையின் கல்லறையைக் காட்டி, இந்தக் காட்டை உண்டாக்கினவர் இவர்தான் என்று சொல்கிறார்கள். அதே காட்டிலிருந்து இறங்கி வரும் பன்னி நம்ம மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில் உருட்டிப்போட்டுப் போனால், மனு கொடுத்துட்டுப் போங்க, பாக்கலாம் என்கிற பதில்தான் நமக்கு. காட்டை உண்டாக்கினவருக்குக் கல்வெட்டு. காட்டால் நட்டப்படுகிறவனுக்கு மனு ரசீது! அதனால்தான் அந்தத் துரை மெய்யாகவே என்ன செய்தார், எதைச் செய்யவில்லை என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பேர் ஹ்யூகோ வுட். 1870இல் பிறந்தவர். இந்திய வனப்பணியில் சேர்ந்து, 1915 வாக்கில் ஆனைமலைக் காட்டுக்குப் பொறுப்பாக வந்தார். 1933இல் குன்னூரில் காசநோயில் இறந்தார். இறந்த பிறகும் தன்னை அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படியே கொண்டுவந்து புதைத்தார்கள். அவர் கதையைச் சொல்வதற்கு முன்னால், அவர் வந்தபோது அந்த மலை எந்த நிலைமையில் இருந்தது என்று சொல்லியாக வேண்டும்.

மேலிருந்து உருட்டிவிட்ட மரம்

டாப்சிலிப் என்று பேர் எப்படி வந்தது? மேட்டிலிருந்து தேக்குத் தடிகளைச் சறுக்கிவிட்ட இடம். அதனால் அந்தப் பேர். வெட்டிய மரத்தை யானை இழுத்து வந்து மலை விளிம்பில் போடும். அங்கிருந்து சரிவில் தள்ளிவிட்டால் உருண்டு, மோதி, கீழே சமவெளியில் வந்து விழும். கீழே மாட்டு வண்டிகள் காத்திருக்கும். இன்றைக்குப் படம் பிடிக்கப் போகிற இடம், அன்றைக்கு மலையை வெட்டிக் கொட்டின வாய்க்கால்.

1848இல் கிழக்கிந்தியக் கம்பெனி மைக்கேல் என்ற ராணுவ அதிகாரியை ஆனைமலைக்கு அனுப்பியது. பம்பாய்க் கப்பல் துறைக்குத் தேக்கு வேண்டும், அதுதான் காரணம். அவருக்குப் பின்னால் ஹாமில்டன் என்று இன்னொரு ராணுவக்காரர். 1856இல் கிளெக்ஹார்ன் என்ற வைத்தியரைச் சென்னை மாகாணத்துக்கே முதல் வனப் பாதுகாவலராக நியமித்தார்கள். அதே 1856இல்தான் சென்னை ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டின் முதல் ரயில் ஓடியது. ஒரு மைல் தண்டவாளம் போட ஏறத்தாழ 1,800 ஸ்லீப்பர் கட்டை வேண்டும். போட்ட கட்டையும் நிரந்தரம் இல்லை. வெயிலிலும் மழையிலும் மக்கிப்போகும், மறுபடி மாற்ற வேண்டும். எத்தனை மைல் ரயில் பாதை போட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கப்பலுக்குப் போனது போக மிச்சம் ரயிலுக்கு. ரயிலுக்குப் போனது போக மிச்சம் பாலத்துக்கும் பங்களாவுக்கும்.

மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் மட்டும் சும்மா இருந்ததா? பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடி வரைக்கும், மரம் ஏற்றுவதற்கென்றே தனியாக டிராம் பாதை போட்டு 1907இல் ஓட்டினார்கள்.

ஆக, காட்டை மொட்டையடித்தது யார்? சுள்ளி பொறுக்கின நம்ம அப்பத்தாவா? வெள்ளாட்டை ஓட்டிப் போன நம்ம அப்பாரா? ஆனால் பழி யார் மேல் விழுந்தது தெரியுமா? மலைமேல் சின்னத் துண்டு காட்டைத் திருத்தி ராகியும் சாமையும் விதைத்து, இரண்டு மூன்று வருஷத்தில் அதை விட்டு அடுத்த இடத்துக்குப் போன மலைவாசி மேல்! குமரி சாகுபடி என்று அதற்குப் பேர். 1860இல் சென்னை அரசாங்கம், அனுமதி இல்லாமல் அரசுக் காட்டில் குமரி செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. கப்பல் கட்டியவன் தப்பித்தான். சாமை விதைத்தவன் குற்றவாளி ஆனான்.

நம்ம பக்கம் பேசின ரெவின்யூ போர்டு

இந்த இடத்தில் ஒரு சங்கதியை நாம் கட்டாயம் சொல்லோணும். நம்ம பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்காத சங்கதி. வெள்ளைக்காரன் இந்தியா முழுமைக்கும் 1878இல் ஒரு வனச் சட்டம் கொண்டுவந்தான். சென்னை மாகாணம் அதை ஏற்கவில்லை. ஏன்? இங்கிருந்த ரெவின்யூ போர்டு, அதுவும் வெள்ளைக்கார அதிகாரிகள் உட்கார்ந்திருந்த போர்டு, என்ன வாதாடியது என்றால், சென்னை மாகாணத்தில் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வராத காடே அநேகமாக இல்லை. அந்தக் காடுகளில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் தழைக்கும் ஊர் ஜனங்களுக்குத் தொன்றுதொட்டு உரிமை இருக்கிறது. அதைச் சர்க்கார் சொத்து என்று ஒரேயடியாக எழுதிக்கொள்ள முடியாது என்றது. நாம் இன்றைக்குச் சொன்னால் ஆக்கிரமிப்பாளன் என்கிறார்கள். அன்றைக்கு ரெவின்யூ போர்டே சொன்னது!

கடைசியில் வனத்துறைதான் ஜெயித்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. நான்காம் பிரிவில் காப்புக்காடு ஆக்கப்போகிறோம் என்று அறிவிப்பு. உரிமை உள்ளவன் வந்து சொல்லு என்று ஒரு அதிகாரி கேட்பார். அப்புறம் பதினாறாம் பிரிவில் முடிந்த அறிவிப்பு. எழுதப் படிக்கத் தெரியாத ஜனத்தில் எத்தனை பேர் போய்ச் சொல்லியிருப்பார்கள்? அந்த 1882ஆம் வருஷத்துச் சட்டம்தான் தமிழ்நாடு வனச் சட்டம் என்று பேரை மாற்றிக்கொண்டு இன்றைக்கும் நம் தலைமேல் இருக்கிறது.

நம்ம கொங்குச் சீமையில் காடு என்றால் என்ன? வெள்ளாமைக் காடு. சோளக்காடு, கடலைக்காடு, கொள்ளுக்காடு. காட்டுக்குப் போயிட்டு வாரேன் என்றால் ஏர் பூட்டப் போகிறான் என்று அர்த்தம். அவர்கள் காடு என்றால் காப்புக்காடு. ஒரே சொல்லுக்கு ரெண்டு பொருள். நடுவில் ஒரு எல்லைக் கல். நம்ம காட்டு மாடு கல்லைத் தாண்டினால் அபராதம். அவர்கள் காட்டுப் பன்னி கல்லைத் தாண்டினால் இயற்கை!

ஜனங்களின் குறை தாங்க முடியாமல் போனதால் 1913இல் சென்னை அரசாங்கமே ஒரு வனக் கமிட்டி போட்டு, மேய்ச்சல், அபராதம், கீழ்மட்ட ஊழியர்களின் கெடுபிடி பற்றியெல்லாம் விசாரிக்க வேண்டி வந்தது. வுட் துரை ஆனைமலை ஏறியது அதற்கு அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில்தான். அதாவது மேலே மலை மொட்டை. கீழே ஊர் கொந்தளிப்பு. இந்த ரெண்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்த அதிகாரி அவர்.

பாக்கெட்டில் விதை, கையில் தடி

வந்த அதிகாரி என்ன செய்தார்? நடந்தார். அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மலைச்சரிவு, பள்ளம், ஓடை என்று நடந்தே பார்த்தார். கோட்டுப் பாக்கெட் நிறையத் தேக்கு விதை, கையில் வெள்ளிப் பூண் போட்ட தடி. நடக்கிற வழியெல்லாம் தடியால் மண்ணில் ஒரு குத்து, குழிக்குள் ஒரு விதை, காலால் ஒரு மூடு, அடுத்த அடி. இப்படித்தான் அவரைப் பற்றி மலைப்பக்கம் சொல்லி வருகிறார்கள். கேட்க நல்ல கதை. பொய் என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் நாம் விவசாயிகள்! தேக்கு விதை பற்றி நமக்குத் தெரியாதா? மேலே பஞ்சு மாதிரி தோல், உள்ளே கல்லு மாதிரி கொட்டை. ராத்திரி ஊறப்போட்டு, பகலில் வெயிலில் காயப்போட்டு, இப்படி நாள் கணக்கில் மாற்றி மாற்றிப் பக்குவம் பண்ணினால்கூட போட்டதெல்லாம் முளைக்காது. ஒன்று இந்த மழைக்கு வரும், ஒன்று அடுத்த வருஷ மழைக்கு வரும். முளைத்ததைப் புல்லு அமுக்கும். புல்லை வெட்டிவிட்டால் மான் கடிக்கும். மான் விட்டுவைத்ததைக் கோடைத் தீ எரிக்கும். தடியால் குத்தி விதையைப் போட்டுவிட்டு நடந்து போனால் தோப்பு வந்துவிடும் என்றால், நம்ம மானாவாரிக் காடெல்லாம் எப்போதோ தேக்கந்தோப்பு ஆகியிருக்குமே!

மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூரில் இந்தப் பாடம் எழுபது வருஷம் முன்னாலேயே நடந்து முடிந்தது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட ஆசைப்பட்டார். முதலில் விதைத்தது முளைக்கவே இல்லை. அப்புறம் அந்த வேலையைச் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி கையில் எடுத்தார். 1844 முதல் சுமார் இருபது வருஷம் அங்கேயே கிடந்து பத்து லட்சத்துக்கு மேல் தேக்கு வளர்த்தார். உலகத்திலேயே பழைய தேக்குத் தோட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ஆனால் தோட்டத்துக்குப் பேர் கனோலி தோட்டம்! மேனன் பேர் புத்தகத்திலாவது இருக்கிறது. அவருக்குக் கீழே குழி எடுத்தவன் பேர் அதிலும் இல்லை.

சரி, வுட் துரைக்கு வருவோம். அவர் செய்த பெரிய வேலை விதை போட்டதில்லை என்பது நம் கருத்து. கணக்குப் பார்த்ததுதான் பெரிய வேலை. காட்டில் எவ்வளவு மரம் நிற்கிறது, ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்கிறது, எவ்வளவு வெட்டினால் காடு தாங்கும் என்று பார்த்தார். வளர்வதற்கு மேல் வெட்டாதே, காட்டுக்கு ஓய்வு கொடு என்று மேலிடத்தோடு வாதாடினார். வேரோடு மொத்தமாக வழிப்பதை நிறுத்தி, தூரை விட்டு வெட்டும் முறையைக் கொண்டுவந்தார். இதை நமக்கு விளக்கவே வேண்டாம். கரும்பை வெட்டிவிட்டுக் கட்டைக்கரும்பு விடுகிறோமே, அதே சங்கதிதான். தரையோடு சுத்தமாக வெட்டி, அடித்தூரை உயிரோடு விட்டால், மழைக்கு அதிலிருந்து நாலைந்து துளிர் கிளம்பும். நல்லதாக ஒன்றை விட்டு மற்றதை ஒடித்துவிட்டால், ஏற்கெனவே ஆழமாக வேர் பிடித்த கட்டை ஆனதால் விதைக்கன்றைவிட வேகமாக மேலே வரும். தூரைச் சேதப்படுத்தாமல் வெட்ட வேண்டும், மாடு ஆடு கடிக்காமல் பார்க்க வேண்டும், தீ வராமல் தடுக்க வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டோம், அதைப் பத்து இருபது வருஷம் விடாமல் செய்ய வேண்டும்!

அவர் தியாகி இல்லை. அதையும் சொல்லிவிடுவோம். வெள்ளைக்கார சர்க்காரிடம் சம்பளம் வாங்கின அதிகாரி. வெட்டுவதற்காகத்தான் வளர்த்தார். பலமரக் காட்டைப் பழையபடி கொண்டுவரவில்லை. காசு தரும் தேக்கை நிரப்பினார். தேக்கந்தோப்புக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய பெரிய இலை விழுந்து தரையை மூடிக்கிடக்கும். கோடையில் மொத்தமும் உதிர்ந்து மொட்டையாக நிற்கும். யானைக்கும் காட்டெருமைக்கும் அங்கே தின்பதற்கு என்ன இருக்கிறது? இன்றைக்கு யானை நம்ம தென்னந்தோப்புக்கு வருவதைப் பற்றிப் பேசும்போது, நூறு வருஷம் முன்னால் எந்த மரத்தை நட்டார்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கினால்தான் நியாயம்.

மண்வெட்டி பிடித்தவன் பேர் எங்கே?

துரை ஒருத்தர். மலை எவ்வளவு பெரிசு! அந்தத் தேக்குக்குக் குழி எடுத்தது யார்? களை வெட்டியது யார்? மாசி பங்குனியில் தீக்கோடு வெட்டி, ராத்திரி பகல் தீக்காவல் இருந்தது யார்? தடியை இழுத்த யானையைப் பழக்கி ஓட்டியது யார்? மலசர், மலைமலசர், காடர், புலையர், எரவாளர், முதுவர். ஆனைமலையின் பூர்வகுடிகள். இன்றைக்கும் டாப்சிலிப் பக்கத்துக் கோழிகமுத்தி யானை முகாமில் மாவுத்தர் காவடியாகப் பெரும்பாலும் நிற்பவர்கள் மலசர் பிள்ளைகள்தான். துரைக்கு வழி காட்டியதும் அவர்கள்தான். இந்த ஓடை எங்கே போகுது, இந்தச் சரிவில் எந்த மரம் நிற்கும் என்று அவர்கள் சொல்லாமல் எந்தத் துரைக்குத் தெரியும்?

துரை கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் வெட்டியிருக்கிறது. லண்டன் பெரிய கோயிலைக் கட்டின மேஸ்திரிக்கு முதலில் எழுதின வாசகம் அது. இவருடைய நினைவுச் சின்னத்தைப் பார்க்க வேண்டுமானால் சுற்றிப் பார் என்று பொருள். நல்ல வாசகம். நாமும் சுற்றித்தான் பார்க்கிறோம். சுற்றிப் பார்த்தால் மரம் தெரிகிறது. மரத்துக்குக் கீழே, பட்டா இல்லாத வீட்டில் மரம் நட்டவன் பேரன் இருப்பதும் தெரிகிறது.

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2008 முதல் நடைமுறை. காட்டில் வாழ்கிறவனுக்குப் பயிர் செய்யும் நிலத்தில் உரிமை, தேன், கிழங்கு, கடுக்காய் எடுக்க உரிமை, மேய்ச்சல் உரிமை, எல்லாம் எழுத்தில் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2008இல் உயர்நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது நின்றது. 2016இல்தான் உச்சநீதிமன்றத்தில் அந்தத் தடை நீங்கியது. எட்டு வருஷம்! வால்பாறைப் பக்கம் கல்லார் காடர் குடியிருப்பு 2019 ஆகஸ்ட் மழையில் மண்சரிந்து போயிற்று. அந்த ஜனங்கள் தங்கள் சொந்தக் காட்டுக்குள்ளேயே பாதுகாப்பான இடத்தில் குடியேறுவதற்குப் போராடிப் போராடி, 2021இல்தான் தெப்பக்குளமேட்டில் இடம் வாங்க முடிந்தது. அந்தக் காட்டில் அவர்களுக்கு இல்லாத பாத்தியதை வேறு யாருக்குங்க?

அவர்களுக்கும் நமக்கும் சண்டை மூட்டிவிடுவது சுலபம். மலைவாசிக்குக் கொடுத்தால் காடு போய்விடும், தண்ணி போய்விடும் என்று நம்மிடமே வந்து சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் நாம் விழக்கூடாது.

தண்ணி எங்கிருந்து வருது?

காடு நமக்கு வேண்டாம் என்று இந்தச் சங்கம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டோம். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தில் 1958 முதல் கட்டின அணைகள், சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம், ஆழியாறு, திருமூர்த்தி, எல்லாம் எந்த மலையின் மழையை நம்பி இருக்கின்றன? தூணக்கடவிலிருந்து சுரங்கம் வழியாகச் சர்க்கார்பதிக்கு இறங்கி, மலையடிவாரக் கால்வாயில் திருமூர்த்தி அணைக்கு வந்து நம்ம வாய்க்காலில் ஓடுகிற தண்ணி, வுட் துரை நடந்த அதே காட்டுத் தண்ணிதான். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று 4 லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பித்தான் இருக்கிறது. நாலு மண்டலமாகப் பிரித்து, ஒரு மண்டலத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை தண்ணி என்று நாம் கைகட்டிக் காத்திருக்கிறோம். மலை மொட்டையாக இருந்திருந்தால் மழைத்தண்ணி ஒரே மூச்சில் மண்ணை அரித்துக்கொண்டு வந்து அணையைத் தூர்த்திருக்கும். மரம் நின்றதால்தான் மண் நின்றது. அந்த வகையில் துரைக்கும், துரையோடு மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் நாம் கடன்பட்டவர்கள். இதைச் சொல்ல நமக்கு வெட்கம் இல்லை.

காட்டால் பயன் கீழே உள்ள எல்லாருக்கும். கோயமுத்தூர் வரைக்கும், குடிநீருக்கும் ஆலைக்கும், மின்சாரத்துக்கும் பயன். நட்டம் யாருக்கு? எல்லைக் கல்லை ஒட்டி ரெண்டு ஏக்கர், மூணு ஏக்கர் வைத்திருக்கிற நமக்கு மட்டும். கடலைக்காய் பிஞ்சு வைக்கும்போது பன்னி. மக்காச்சோளம் பால் பிடிக்கும்போது பன்னி. தக்காளிக்கு மயில். வாழை தார் விடும்போது யானை. ஏழெட்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த தென்னையை ஒரு ராத்திரியில் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போனால், அதற்கு எந்தக் கணக்கில் விலை போடுவது? காய்த்த மரம் இன்னும் நாப்பது வருஷம் காய்க்குமே, அந்தக் காயை யார் எண்ணுவது?

2025 தொடக்கத்தில் காட்டுப்பன்றியைச் சுட அரசு அனுமதி என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டார்கள். நம்மவர்கள் சிலர் பட்டாசே வெடித்தார்கள். உத்தரவைப் படித்துப் பார்த்தால் என்ன இருக்கிறது? காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறை சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பன்னி முதலில் வருவது யார் காட்டுக்கு? 1 கிலோமீட்டருக்குள் இருப்பவன் காட்டுக்கு! அவனுக்குத்தான் உத்தரவில் இடமே இல்லை. நாடிமுத்தைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதின வைத்தியர் கதைதான். எல்லைக் கல்லோரம் ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, பரண்மேல் உட்கார்ந்து பார்த்தவர் இப்படி எழுதியிருப்பாரா?

மேய்ச்சல் கதையும் அப்படித்தான். 2022 மார்ச்சில் காட்டில் மாடே மேயக் கூடாது என்று உயர்நீதிமன்றத்தில் தடை வந்தது. பிறகு சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகத்துக்கு மட்டும் அந்தத் தடை என்று திருத்தினார்கள். ஆனைமலை 1976இல் சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். நமக்குத் திருத்தியும் பயனில்லை. மாடு போகாத காட்டில் இப்போது என்ன மேய்கிறது? உண்ணிச்செடி! புல் இருந்த இடத்தையெல்லாம் அது பிடித்துக்கொண்டது. 2022இல் அந்நியக் களைச்செடிகளை ஒழிக்க அரசே ஒரு கொள்கை வெளியிட்டது. அந்தக் களையை வெட்டும் வேலையைக் காட்டோர ஊர்களுக்கும் மலைவாசிகளுக்கும் நூறு நாள் கூலிக்காவது கொடுங்கள் என்று கேட்டால், பதில் இல்லை. 1997இல் ஜப்பான் கடன் வாங்கி ஊர் ஊருக்குக் கிராம வனக்குழு போட்டார்களே, அந்தக் குழுக்கள் எல்லாம் என்ன ஆச்சு என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். பெயர்ப் பலகைகூடத் துருப்பிடித்துப் போச்சு.

துரைக்கும் இன்றைய அதிகாரிக்கும் என்ன வித்தியாசம்? துரைக்கு அதிகாரம் கூடுதல், அனுதாபம் கூடுதல் என்று நாம் சொல்லவில்லை. அவர் ஒரே மலையில் பல வருஷம் இருந்தார். நட்டது முளைத்ததா செத்ததா என்று அவரே பார்க்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு நல்ல ரேஞ்சர் வந்து, ஊர்க்காரன் முகம் தெரிந்து, எந்தப் பள்ளத்து வழியாக யானை இறங்குது என்று தெரிந்துகொள்வதற்குள் மாறுதல் உத்தரவு வந்துவிடுகிறது. அடுத்து வருகிறவருக்கு முதலிலிருந்து நாம் பாடம் நடத்த வேண்டும். நல்ல ரேஞ்சர்கள், வனவர்கள் இருக்கிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டால் பட்டாசோடு வந்து நிற்கிற காவலர்களை நமக்குத் தெரியும். அவர்களில் பாதிப்பேர் வேட்டைத் தடுப்புக் காவலர் என்று தற்காலிகக் கூலியில் இருக்கிற மலைவாசிப் பையன்கள். நம்மகிட்டே திட்டு வாங்குவதும் அவர்கள், யானைகிட்டே அடி வாங்குவதும் அவர்கள். அவர்களை நிரந்தரம் ஆக்கச் சொல்வதும் நம்ம கோரிக்கைதான்.

கிராம சபையில் என்ன கேட்பது?

அடுத்த கிராம சபையில் ஒவ்வொரு காட்டோர ஊரிலும் நாம் எழுந்து கேட்க வேண்டியவை சில உண்டு. 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்குப் பன்றி விஷயத்தில் என்ன ஏற்பாடு என்று எழுத்தில் பதில் வேண்டும். அகழி, சோலார் வேலி போட்டால் அதைப் பராமரிக்கிற பொறுப்பையும் பணத்தையும் ஊரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் ஆகாது. இழப்பீடு ஒரே மாதத்தில் வர வேண்டும், தென்னைக்கும் வாழைக்கும் காய்ப்பு வருஷத்தைக் கணக்கிட்டு வர வேண்டும். ரேஞ்சர் மாதம் ஒரு நாள் ஊருக்கு வந்து, ஆபீசில் இல்லை, வரப்பில் நின்று குறை கேட்க வேண்டும். மலைவாசி மக்களின் வன உரிமை மனுக்களை முடிக்க வேண்டும். காட்டில் தலைமுறையாக மேய்ச்சலுக்கும் மற்றதுக்கும் போய் வந்த ஊர்க்காரர்களும், மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம் அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்குச் சான்று காட்டினால் சட்டப்படி மனுப் போடலாம் என்பதை ஊரில் எல்லாருக்கும் சொல்லுங்கள். பழைய மேய்ச்சல் ரசீது, தீர்வை ரசீது, பெட்டியில் தாத்தா வைத்துவிட்டுப் போன எந்தக் காகிதத்தையும் எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறோம். டாப்சிலிப்பில் துரை கல்லறைக்குப் பக்கத்தில், அந்தத் தேக்கை நட்டு வளர்த்த மலசர், காடர், புலையர் மக்களுக்கு ஒரு கல் நட வேண்டும். பேர் தெரிந்தவர்கள் பேர் போடட்டும். தெரியாவிட்டால் குலத்தின் பேரையாவது போடட்டும். தமிழில் போடட்டும்.

கிராம சபைக்கு வரும்போது சிட்டா, அடங்கல் நகல், பன்னி உழுத காட்டின் படம், தேதியோடு கொடுத்த மனு ரசீது எல்லாம் கையோடு கொண்டு வாருங்கள். மனு இன்னும் கொடுக்காதவர்கள் சேதமான மறுநாளே ரேஞ்சு ஆபீசிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ரெண்டு பிரதி கொடுத்து, ஒன்றில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தால் அதற்கு ரசீது கிடையாது. பெண்கள் அவசியம் வர வேண்டும். ராக்காவலுக்கு ஆம்பளை போனால் பகல் வேலை மொத்தமும் யார் தலையில் விழுகிறது என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.